மீட்டரில் எல்லா விளக்கும் ஒன்றாக எரிகிறதா? மாட்யூலை மாற்றச் சம்மதிக்கும் முன் செய்ய வேண்டியவை

ஓடிக்கொண்டிருக்கும் காரில் ஏ.பி.எஸ். (பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு), ஏர்பேக், ஸ்டீயரிங், என்ஜின் என நான்கைந்து எச்சரிக்கை விளக்குகள் ஒரே நொடியில் எரிந்தால், அத்தனை உறுப்புகளும் ஒரே நொடியில் கெட்டுப்போயின என்று நம்பாதீர்கள். பெரும்பாலும் அவற்றுக்கிடையே நடக்கும் பேச்சுதான் அறுந்திருக்கும். பணிமனையில் இதைக் கம்யூனிகேஷன் ஃபால்ட் என்பார்கள். அடுத்த வாக்கியமே "மாட்யூல் போய்விட்டது சார், மாற்ற வேண்டும்" என்பதாக இருக்கும்.

என் காருக்கு இது வந்தபோது ஓரிடத்தில் ஏ.பி.எஸ். மாட்யூலை, அதாவது அதன் கணினிப் பெட்டியை, மாற்றச் சொல்லி அரை லட்சத்தை நெருங்கும் மதிப்பீட்டை நீட்டினார்கள். இன்னோரிடத்தில் மீட்டரையே மாற்றச் சொன்னார்கள். யாரும் ஒரு வோல்ட் கூட அளந்து பார்க்கவில்லை. கோளாறு இருந்தது பேட்டரித் தட்டுக்குக் கீழே, பச்சைக் களிம்பு பிடித்த ஓர் எர்த் போல்ட்டில் (நெகட்டிவ் வயரை வண்டியின் உலோக உடலோடு பிணைப்பது). அந்த அலைச்சலில் கற்றதை வரிசைப்படுத்தித் தருகிறேன். முதல் ஐந்து படிகளில் அளவெடுப்பதைத் தவிர மற்றவற்றை யாரும் செய்யலாம். ஆறும் ஏழும் மல்டிமீட்டர் (வோல்ட், ஓம் அளக்கும் கருவி) பிடித்துப் பழகியவர்களுக்கு. பழக்கம் இல்லாதவர்களும் அவற்றைப் படித்து வையுங்கள். எலெக்ட்ரீஷியன் அளந்தாரா, அளந்ததாகச் சொன்னாரா என்று தெரிந்துகொள்ள உதவும்.

அதற்கு முன் அடிப்படை ஒன்று. என்ஜினுக்கு, பிரேக்குக்கு, ஏர்பேக்குக்கு, கதவு-விளக்கு-வைப்பர் மூன்றுக்கும் சேர்த்து, மீட்டருக்கு என இன்றைய காரில் தனித்தனி கணினிப் பெட்டிகள் இருக்கின்றன. இவற்றைத்தான் மாட்யூல் என்கிறோம். முறுக்கிய இரண்டு வயர்கள் வழியாக இவை பேசிக்கொள்கின்றன. இந்த நெட்வொர்க்குக்குக் கேன் என்று பெயர். ஒரு வயர் கேன் ஹை, மற்றது கேன் லோ. தாம்பரம் ரயில் நிலைய ஒலிபெருக்கியைப் போல, ஒரு மாட்யூல் சொல்வது எல்லாருக்கும் கேட்கும், தேவைப்பட்டவர் எடுத்துக்கொள்வார். சக்கர வேகத்தை ஏ.பி.எஸ். சொன்னால், பல கார்களில் மீட்டர், ஸ்டீயரிங், ஆட்டோமேட்டிக் கியர் மூன்றும் அதையே எடுத்துப் பயன்படுத்துகின்றன. ஏ.பி.எஸ். வாயை மூடினால் மூன்றும் புகார் எழுதும். புகார் எழுதிய மூவர் மேலும் குற்றமில்லை.

1. விளக்கு எரியும்போதே பதிவு செய்யுங்கள்

ஓரமாக நிறுத்தி, என்ஜினை அணைக்கும் முன் மீட்டரைக் கைப்பேசியில் படமெடுங்கள். சாவியைத் திருப்பி மறுபடி போட்டதும் பாதி விளக்குகள் அணைந்துவிடக்கூடும். பணிமனையில் "ஒன்றும் இல்லையே" என்பார்கள். கிலோமீட்டர், நேரம், மழை பெய்ததா, ஏ.சி. ஓடியதா, பள்ளத்தில் இறங்கி ஏறினீர்களா, செல்ஃப் அடிக்கும்போது வந்ததா, அண்மையில் பேட்டரி, ஸ்டீரியோ, ரிவர்ஸ் கேமரா எதையாவது மாற்றினீர்களா என எழுதிவையுங்கள். விட்டுவிட்டு வரும் கோளாறுக்கு இந்தக் குறிப்புதான், மாட்யூல்களில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனரைவிடப் பெரிய சாட்சி.

சிவப்பு பிரேக் விளக்கும் ஏ.பி.எஸ். விளக்கும் சேர்ந்து எரிந்தாலோ, ஸ்டீயரிங் கனத்துப் போனாலோ ஓட்டிப் பார்க்க வேண்டாம். வண்டியை ஏற்றிச் செல்லும் தட்டு லாரியை வரவழையுங்கள். பல காப்பீட்டு பாலிசிகளில் சாலையோர உதவி சேர்ந்தே இருக்கும். பணம் கொடுத்து லாரி பிடிப்பதற்கு முன் அதைப் பாருங்கள்.

2. ஓ.பி.டி. சாக்கெட்டில் செருகியிருப்பதைப் பிடுங்குங்கள்

ஸ்டீயரிங்குக்குக் கீழே, ஸ்கேனரைச் செருகுவதற்காக இருக்கும் 16 பின் சாக்கெட்தான் ஓ.பி.டி. அதில் ஜி.பி.எஸ். டிராக்கரோ, எப்போதோ வாங்கிய புளூடூத் கருவியோ செருகியிருந்தால் முதலில் கழற்றுங்கள். அந்தச் சாக்கெட் நேராக நெட்வொர்க்கோடு சேர்ந்தது. மட்டமான கருவி ஒன்று அங்கே உட்கார்ந்து உளறினால் மற்ற எல்லாருடைய பேச்சும் கெடும். கழற்றிவிட்டு இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். செலவே இல்லாத சோதனை இது.

3. பேட்டரி

இதைத் தாண்டிக் குதித்து ஸ்கேனுக்குப் போகிறவர்கள்தான் அதிகம். மின்னழுத்தம் இறங்கினால் மாட்யூல்கள் ஒவ்வொன்றாக மயங்கும். மயங்கியவரைக் காணவில்லை என்று மற்றவை கோடு (கோளாறைக் குறிக்கும் எண்) எழுதும். பேட்டரி புதிதானதும் கோடு அப்படியே தங்கியிருக்கும், அதைக் காட்டி மாட்யூல் விற்பார்கள்.

இரவு முழுவதும் நின்ற காரில், காலையில் சாவி போடும் முன் அளந்தால் 12.6 வோல்ட் அளவில் இருந்தால் நன்று. 12.4 பரவாயில்லை. 12.0 என்றால் பேட்டரி கிட்டத்தட்ட காலி. செல்ஃப் அடிக்கும் நொடியில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழக்கூடாது. ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.5 வரை இருக்கும். சில புதிய கார்கள் எரிபொருள் மிச்சத்துக்காக வேண்டுமென்றே குறைத்துக்கொள்ளும், அதைக் கண்டு பதற வேண்டாம். சென்னை வெயில் பேட்டரியின் ஆயுளைச் சீக்கிரமே தின்றுவிடும், ஆகவே மூன்று ஆண்டு தாண்டிய பேட்டரியைச் சந்தேகப்படுவதில் தவறில்லை. பேட்டரி விற்கும் கடைகள் பலவற்றில் சோதனை இலவசம்.

4. முழு வண்டியையும் ஸ்கேன் செய்யுங்கள், அழிக்கும் முன் சேமியுங்கள்

சென்னை ரிச்சி தெருவின் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளிலோ இணையத்திலோ கிடைக்கும் ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் புளூடூத் ஸ்கேனர்கள் பெரும்பாலும் என்ஜினை மட்டுமே படிக்கும். என்ஜினில் கோடு இல்லை என்றால் வண்டியில் கோளாறு இல்லை என்று ஆகாது. எல்லா மாட்யூலையும் கூப்பிட்டுப் பார்க்கும் ஸ்கேன்தான் நமக்கு வேண்டும். நான் விசாரித்த தனியார் எலெக்ட்ரீஷியன்கள் ஐந்நூறு முதல் ஆயிரம் ரூபாய் வரை கேட்டார்கள். நிறுவனப் பணிமனையில் அதைவிட இரண்டு மடங்கு ஆகலாம். கூலிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. தனி.

மறைமலை நகரில் தயாரான ஃபோர்டு கார்கள் சென்னையில் இன்னும் நிறைய ஓடுகின்றன. அவற்றை வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: பல ஃபோர்டு மாடல்களில் ஓ.பி.டி. சாக்கெட்டின் 3, 11 ஆம் பின்களில் வேகம் குறைந்த இரண்டாவது நெட்வொர்க் இருக்கும். இரண்டுக்கும் மாறக்கூடிய ஸ்கேனரும் ஃபோர்ஸ்கேன் மென்பொருளும் இருந்தால் வீட்டிலேயே முழு ஸ்கேன் எடுக்கலாம்.

முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: "கோடுகளை அழிக்காதீர்கள், எனக்கு அறிக்கை வேண்டும்." அச்சிட்டுத் தராவிட்டால் திரையைப் படமெடுங்கள். பிறகு அழித்து, சிறிது தூரம் ஓட்டி, மறுபடி ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். திரும்பி வந்த கோடுகள்தான் உயிருள்ளவை. மற்றவை எப்போதோ பேட்டரி மாற்றியபோதோ ஜம்ப் ஸ்டார்ட் கொடுத்தபோதோ பதிவானவையாக இருக்கலாம்.

யூ என்ற எழுத்தில் தொடங்கும் கோடுகளே பேச்சுக் கோளாறுகள். அடிக்கடி வருபவை:

யூ0100 – என்ஜின் மாட்யூலோடு தொடர்பு இல்லை
யூ0101 – கியர் மாட்யூலோடு
யூ0121 – ஏ.பி.எஸ். மாட்யூலோடு
யூ0131 – பவர் ஸ்டீயரிங்கோடு
யூ0140 – பாடி கன்ட்ரோல் மாட்யூலோடு, அதாவது கதவு-விளக்கு-வைப்பர் பெட்டியோடு
யூ0151 – ஏர்பேக் மாட்யூலோடு
யூ0155 – மீட்டரோடு
யூ0073 – நெட்வொர்க்கே முடங்கியது

பி0562 (P0562) என்ற கோடு கூடவே இருந்தால் மின்னழுத்தம் இறங்கியிருக்கிறது என்று பொருள். மூன்றாம் படிக்குத் திரும்புங்கள்.

5. யார், யாரைக் காணவில்லை என்கிறார்?

இந்தப் படிக்குக் காசு வேண்டாம், ஒரு தாளும் பேனாவும் போதும். இடப்பக்கம் கோடு எழுதிய மாட்யூல், வலப்பக்கம் அது தேடும் மாட்யூல் என்று எழுதுங்கள். மீட்டரும் என்ஜினும் ஸ்டீயரிங்கும் ஏ.பி.எஸ்.ஸைக் காணோம் என்கின்றன, ஸ்கேனர் கூப்பிட்டாலும் ஏ.பி.எஸ். பதில் சொல்லவில்லை என்றால் தேட வேண்டிய இடம் ஏ.பி.எஸ். இருக்கும் கிளை. மீட்டரை மாற்றச் சொல்கிறவரிடம் இந்தத் தாளைக் காட்டுங்கள்.

ஸ்கேனர் கூப்பிட்டால் ஏ.பி.எஸ். ஒழுங்காகப் பதில் சொல்கிறது, ஆனால் காணோம் என்ற கோடு மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் அது விட்டுவிட்டு அறுகிறது. தளர்ந்த கப்ளர் (வயர்களைச் செருகி இணைக்கும் முனை), எர்த் இரண்டையும் நினையுங்கள். ஒரே பகுதியில் இருக்கும் இரண்டு மூன்று மாட்யூல்கள் சேர்ந்து காணாமல் போனால் அவற்றுக்குப் பொதுவான ஃபியூஸ், எர்த், வயர் இணைப்பு எங்கே என்று பாருங்கள். எதுவுமே பதில் சொல்லவில்லை என்றால் முதலில் ஸ்கேனர் சாக்கெட்டுக்கு மின்சாரம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். 16 ஆம் பின்னில் பேட்டரி மின்சாரமும் 4, 5 ஆம் பின்களில் எர்த்தும் இருக்க வேண்டும். அதற்குத் தனி ஃபியூஸ் உண்டு. பல கார்களில் சிகரெட் லைட்டர் சாக்கெட்டோடு பகிர்ந்துகொள்ளும். மலிவான சார்ஜர் ஒன்று அந்த ஃபியூஸை எரித்துவிட்டு, வண்டியின் கணினியே போய்விட்டது என்ற தோற்றத்தைத் தரும்.

காணாமல் போன மாட்யூல் தெரிந்ததும் அதன் ஃபியூஸ்கள் எல்லாவற்றையும் பாருங்கள். ஒரே மாட்யூலுக்கு இரண்டு மூன்று ஃபியூஸ் இருப்பது சாதாரணம். ஃபியூஸ் நன்றாக இருந்தால் எர்த். கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தாலும் நம்பாதீர்கள். மாட்யூல் வேலை செய்யும் நேரத்தில் அதன் எர்த் வயருக்கும் பேட்டரி நெகட்டிவ் முனைக்கும் இடையே வோல்ட் அளந்தால் 0.1, மிஞ்சிப் போனால் 0.2 தான் இருக்க வேண்டும். அதற்கு மேல் என்றால் போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் தடவ வேண்டும். என் காரில் முடிந்த வேலை இதுவே.

நம் சென்னைக்கே உரிய சில இடங்களைச் சொல்ல வேண்டும். பெசன்ட் நகர், திருவான்மியூர், எண்ணூர் போன்ற கடலோரப் பகுதிகளில் வெளியே நிற்கும் வண்டிகளின் எர்த் போல்ட்டும் கப்ளரும் உப்புக்காற்றில் களிம்பு பிடிக்கும். வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர்ப் பக்கம் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் நீரில் நின்ற கார்கள் இன்றும் செகண்ட் ஹேண்ட் சந்தையில் கைமாறுகின்றன. இருக்கைக்கடியில் கார்ப்பெட்டைத் தூக்கினால் வண்டல் தடம் சொல்லிவிடும். ஆண்டு முழுவதும் ஏ.சி. போடும் ஊர் என்பதால் ஏ.சி. நீர் வடியும் குழாய் அடைத்து, பக்கத்து இருக்கையின் கால்மாட்டில் நீர் தேங்குவதும் அடிக்கடி நடக்கிறது. அங்கேதான் பல கார்களில் வயர் இணைப்புகளும் மாட்யூல்களும் இருக்கின்றன. கார்ப்பெட்டுக்குக் கீழே கையை விட்டுப் பாருங்கள். அடுக்குமாடி அடித்தளத்தில் நிறுத்துகிறவர்கள் என்ஜின் அறையில் எலிப் புழுக்கையைத் தேடுங்கள். எலி கடித்த வயர் முழுதாக அறுந்திருக்க வேண்டியதில்லை. தோல் உரிந்து, மழை நாளில் மட்டும் ஷார்ட் ஆகும்.

பிறகு கூடுதல் பொருத்துதல்கள். கார் பொருத்துதல் கடைகள் நிறைந்த ஜி.பி. சாலையிலோ வேறெங்கோ போட்ட ஆண்ட்ராய்டு ஸ்டீரியோவில் கேன் பாக்ஸ் என்ற சிறு பெட்டி இருந்தால் அது நெட்வொர்க்கில் சேர்ந்துவிட்ட புது ஆள். அதை முழுவதும் கழற்றிவிட்டுச் சோதித்த பிறகே மற்றவர்களைச் சந்தேகப்படுங்கள்.

6. அறுபது ஓம்

கேன் வயர்களின் இரு முனைகளிலும் 120 ஓம் தடை (ரெசிஸ்டர்) ஒவ்வொன்று இருக்கும். இரண்டும் இணையாக நிற்பதால் நடுவில் அளந்தால் 60 ஓம் காட்ட வேண்டும். சாவியை எடுத்து, கதவுகளை மூடி, அரை மணி நேரம் விட்டு, பேட்டரி நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். கழற்றும் முன் ஸ்டீரியோவின் ரகசிய எண், ஜன்னல் அமைப்பு போன்றவை அழியுமா என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். சாவியையும் வண்டிக்குள் வைத்துவிட்டு எல்லாக் கதவையும் சாத்திவிடாதீர்கள். பிறகு ஓ.பி.டி. சாக்கெட்டின் 6, 14 ஆம் பின்களுக்கு (கேன் ஹை, கேன் லோ) இடையே ஓம் அளந்து பாருங்கள். மின்சாரம் இருக்கும்போது ஓம் அளந்தால் வரும் எண்ணுக்குப் பொருளே இல்லை.

60 அளவில் வந்தால் முதன்மை வயர் முழுதாக இருக்கிறது. 120 வந்தால் வயர் எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது ஒரு முனைத் தடை காணாமல் போயிருக்கிறது. தடை பெரும்பாலும் ஒரு மாட்யூலுக்குள்ளேயே இருப்பதால் அந்த மாட்யூலின் கப்ளர் கழன்றிருந்தாலும் 120 வரும். 40 என்றால் மூன்றாவது தடை ஒன்று சேர்ந்திருக்கிறது. கூடுதலாகப் போட்ட கருவியையோ, பொருந்தாத மாட்யூலையோ தேடுங்கள். சுழியை ஒட்டி வந்தால் இரண்டு வயரும் ஒன்றையொன்று தொடுகின்றன.

60 வந்துவிட்டது என்று முழு வண்டிக்கும் நற்சான்று கொடுத்துவிடக் கூடாது. முனைகளுக்கு நடுவே பிரிந்து போகும் ஒரு கிளை அறுந்தாலும் 60 தான் வரும். புதிய கார்கள் பலவற்றில் சாக்கெட்டுக்குப் பின்னால் கேட்வே என்ற காவல் மாட்யூல் நிற்கும். அங்கே அளப்பது கேட்வே வரைக்கும் போகும் வயரை மட்டும்தான். உங்கள் மாடலின் வயரிங் படம் இல்லாமல் அதற்கப்பால் போக வேண்டாம்.

மல்டிமீட்டரின் தடித்த ஊசியைச் சாக்கெட்டின் துளையுள்ள பின்னுக்குள் குத்தினால் அது விரிந்துபோகும், பிறகு அதுவே ஒரு புதுக் கோளாறு. மெல்லிய ஊசியோ, ஓ.பி.டி. பிரேக்அவுட் பெட்டியோ (பின்களை வெளியே எடுத்துத் தந்து அளக்க உதவுவது) பயன்படுத்தச் சொல்லுங்கள். வயரின் தோலைக் குத்தி அளப்பதையும் அனுமதிக்காதீர்கள். அந்த ஓட்டை வழியே அடுத்த மழையில் களிம்பு ஏறும்.

7. வோல்ட், பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றுதல்

பேட்டரியை மாட்டி, சாவியை ஆன் நிலையில் வைத்து, என்ஜினைக் கிளப்பாமல் அளக்க வேண்டும். எர்த்துக்கு எதிராகக் கேன் ஹை 2.5 வோல்ட்டுக்குச் சற்று மேலும், கேன் லோ சற்றுக் கீழும் இருக்கும். இரண்டையும் கூட்டினால் ஏறத்தாழ 5. ஏதாவது ஒன்று சுழி என்றால் அந்த வயர் பாடியைத் தொடுகிறது. 12 என்றால் பேட்டரி வயரைத் தொடுகிறது.

இரண்டு கேன் வயரும் ஒன்றோடொன்று ஷார்ட் என்று உறுதியானால், பேட்டரியைக் கழற்றி ஓம் அளவைப் பார்த்துக்கொண்டே மாட்யூல்களை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். எதைக் கழற்றியதும் எண் சுழியிலிருந்து எழுகிறதோ அங்கே கோளாறு. எண் 60க்குப் போனாலும் 120க்குப் போனாலும் கவலை வேண்டாம். கழற்றியது தடை உள்ள மாட்யூலாக இருந்தால் 120தான் சரி. இந்த வேலைக்குப் பொறுமையும் நேரமும் வேண்டும். பொறுமையுள்ள எலெக்ட்ரீஷியன் ஒரு முழு நாள் வண்டியைக் கேட்டால் அது நியாயம். பத்து நிமிடத்தில் தீர்ப்புச் சொல்கிறவரிடம்தான் எனக்குப் பயம்.

ஏர்பேக் வயர்களை மட்டும் நீங்களே தொடாதீர்கள். மஞ்சள் கப்ளர்களில் மல்டிமீட்டரோ டெஸ்ட் லாம்ப்போ வைக்கவே கூடாது, ஏர்பேக் வெடிக்கலாம். ஹைபிரிட், மின்சார வண்டிகளின் ஆரஞ்சு நிற வயர்களுக்கும் இதே எச்சரிக்கை.

8. பணிமனையில் கேட்டு வாங்க வேண்டிய தாள்கள்

வாரன்டி காலம் என்றால் நேராக நிறுவனப் பணிமனைக்கே போங்கள். வெளியே வயரைத் தொட்டால் அதையே காரணம் காட்டுவார்கள். ஜாப் கார்டில் உங்கள் புகார் நீங்கள் சொன்னபடியே ஏறியிருக்கிறதா என்று படித்துக் கையெழுத்திடுங்கள். "மழைக்குப் பின் ஏ.பி.எஸ்., ஸ்டீயரிங் விளக்குகள் சேர்ந்து எரிகின்றன" என்று இருக்க வேண்டும், "ஜெனரல் செக்கப்" என்று எழுதினால் திருத்தச் சொல்லுங்கள். ஆர்.சி., வாரன்டிக் கையேடு, பழைய சர்வீஸ் பில்கள், ஸ்டீரியோ போட்ட பில், உங்கள் படங்கள் ஆகியவற்றின் நகல்களைக் கையில் வையுங்கள். வாரன்டி இல்லை என்றால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

மாட்யூல் மாற்றச் சொன்னால் மூன்று எண்களைக் கேளுங்கள்: அந்த மாட்யூலின் கப்ளரில் வந்த மின்சாரம் எத்தனை வோல்ட், எர்த்தில் எத்தனை வோல்ட் விழுந்தது, கேன் வயர்களுக்கிடையே எத்தனை ஓம். மூன்றும் சரியாக இருந்தும் மாட்யூல் பேசவில்லை என்றால் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எண் இல்லாவிட்டால் மதிப்பீட்டில் கையெழுத்திடாதீர்கள்.

கார் நீரில் மூழ்கியது என்றால் வழியே வேறு. சாவியைப் போடாதீர்கள். நீர்மட்டம் தெரியும்படி படமெடுத்து, எதையும் கழற்றும் முன் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். காப்பீட்டு நிறுவனத்தின் சேத மதிப்பீட்டாளரான சர்வேயர் பார்க்கும் முன் பிரித்த வண்டிக்குப் பணம் வாங்குவது பெரும்பாடு. பாலிசி, ஆர்.சி., ஓட்டுநர் உரிமம் தயாராக இருக்கட்டும். வெள்ளத்துக்கு முழுக் காப்பீட்டில் இடம் உண்டு. மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால் ஒன்றும் கிடைக்காது. தானாகக் கெட்டுப்போன மின் உறுப்புக்கு வழக்கமான பாலிசியில் இடமில்லை.

புயல் முடிந்த வாரங்களில் நகரத்துப் பணிமனைகள் நிரம்பி வழியும். விட்டுவிட்டு வரும் கோளாறு என்ற சந்தேகம் இருந்தால், மழைக்காலம் தொடங்கும் முன், செப்டம்பருக்குள் காட்டிவிடுங்கள்.

9. உண்மையிலேயே மாட்யூல் போயிருந்தால்

பழைய கார் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கும். வாங்கும் முன் உங்கள் பழைய மாட்யூலின் மேலிருக்கும் பாக எண் கடைசி எழுத்து வரை பொருந்துகிறதா என்று பாருங்கள். என்ஜின் மாட்யூலும் பாடி கன்ட்ரோல் மாட்யூலும் பெரும்பாலும் சாவியின் இம்மொபிலைசரோடு (சரியான சாவி இல்லாமல் வண்டி கிளம்பாமல் தடுக்கும் அமைப்பு) பிணைக்கப்பட்டவை. வேறொரு காரிலிருந்து எடுத்ததை மாட்டினால் வண்டி கிளம்பாது. உங்கள் வண்டிக்கும் சாவிக்கும் பொருந்தும்படி அதில் விவரங்களை எழுதித் தருகிறவர் யார், அதற்கு எவ்வளவு, எழுத முடியாவிட்டால் கடைக்காரர் திருப்பி எடுப்பாரா என்பதைப் பணம் கொடுக்கும் முன் பேசி முடியுங்கள். வேறு காரின் மீட்டரை மாட்டினால் ஓடிய கிலோமீட்டர் மாறிவிடும்; பில்லில் பழைய, புதிய எண்கள் இரண்டையும் எழுதி வாங்குங்கள், விற்கும் நாளில் வம்பு வராது.

வயரை ஒட்டுப் போட்டால் கேன் ஹை, கேன் லோ இரண்டின் முறுக்கும் அப்படியே தொடர வேண்டும். சாதாரண டேப் சுற்றி விட்டுவிடக் கூடாது. சால்டர் வைத்து, சுருங்கும் குழாய் போட வேண்டும்.

வண்டியை எடுக்கும்போது முழு ஸ்கேனை உங்கள் முன்னால் எடுக்கச் சொல்லி, முந்தைய அறிக்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மாற்றிய பழைய மாட்யூலைக் கேட்டு வாங்கி வீட்டில் வையுங்கள். வாரன்டியில் மாற்றினால் நிறுவனம் தராது. உங்கள் பணத்தில் மாற்றினால் அது உங்களுடையது. அடுத்த மழையில் அதே விளக்குகள் மறுபடி எரிந்தால், அந்தப் பெட்டியை மேசை மேல் வைத்துவிட்டுப் பேச்சைத் தொடங்கலாம்.